உம்மா வாப்பாவைக் குருவியாக்கலாமா?

ஒரு காலத்தில் எமது பகுதி வர்த்தகக் குடும்பங்களில் வெளிநாட்டுப் பயணம் என்றால் அது ஹஜ் பயணம்தான். கடையை மூத்த மகனிடம் ஒப்படைத்து, கொடுக்கல் வாங்கல்களைத் தீர்த்து, ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுப் புறப்படுவார்கள். இன்று நிலைமை வேறு. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, ஹாலிஎல என்று எங்கு பார்த்தாலும் கடை முதலாளிமார் உம்மா, வாப்பா, மாமி, பிள்ளைகள் சகிதம் சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வருகிறார்கள். வசதியுள்ளோர் பேங்கொக், கோலாலம்பூர், டுபாய் என்று இன்னும் கொஞ்சம் தூரம் போகிறார்கள். 2022ஆம் ஆண்டு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டபோது நின்றுபோன இப்பயணங்கள் மீண்டும் சூடுபிடித்துவிட்டன. நல்ல விடயம்தான். நாற்பது வருடம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் பேரப்பிள்ளைகளோடு நாலு இடம் பார்த்து வருவதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் இந்தப் பயணங்களோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்து வரும் ஒரு பழக்கத்தைப் பற்றி எமது வர்த்தக சகோதரர்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது.

சென்னை விமான நிலையத்தில் "குருவி" என்றொரு சொல் உண்டு. அடுத்தவருடைய சரக்கைத் தனது பயணப் பொதியாகக் காட்டி, நாட்டுக்கு நாடு பறந்து, கூலி வாங்குபவருக்கு அந்தப் பெயர். எமது குடும்பப் பயணங்களில் இப்போது கூலியில்லாத குருவிகள் உருவாகியிருக்கிறார்கள். அவர்கள் வேறு யாருமல்ல, எமது உம்மாவும் வாப்பாவும்தான்!

டிக்கட்டைப் பொறுத்து ஓர் ஆளுக்கு 20 கிலோவோ 30 கிலோவோ பொதி அனுமதி கிடைக்கிறது. வயதானவர்களின் தேவை நாலைந்து உடுப்பு, மருந்துப் பை, தொழுகை விரிப்பு. அதற்கு ஐந்தாறு கிலோ போதும். மிச்சம்? "வாப்பா, உங்கட பேக்குல கொஞ்சம் இடம் இருக்குத்தானே?" என்று மகன் கேட்பார். வாப்பா இல்லையென்று சொல்லப் போவதில்லை. அந்த இடத்தில் சாரிகளும் சுடிதார்களும் போய் உட்காரும். சில குடும்பங்களில் இது கடைசி நாளில் தோன்றும் யோசனை அல்ல. "மாமியையும் கூட்டிப்போனால் இன்னும் முப்பது கிலோ" என்று பயணத்தைத் திட்டமிடும்போதே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மாமிக்கு முழங்கால் வருத்தம் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பயணிகளுக்குச் சுங்கத் திணைக்களம் வழங்கும் தீர்வைச் சலுகை சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் உரியது. வியாபார அளவில் கொண்டுவரும் சரக்குக்கு அது பொருந்தாது. ஒரே டிசைனில் பத்துச் சாரி இருந்தால், அது குடும்பத்துக்குத் தைக்க வாங்கியது என்று கட்டுநாயக்கவில் எந்த அதிகாரியை நம்ப வைப்பது? அதைவிட முக்கியம், பையில் ஒட்டப்படும் பட்டியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா?" என்று விமான நிலையத்தில் கேட்கிறார்கள். எழுபத்தைந்து வயது மனிதர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் மகன் மாட்டிக்கொள்வார், பொய் சொல்ல அவருக்கு மனம் வராது. ஊர்ப் பள்ளிவாசலில் முதல் ஸப்பில் நின்று பழகிய ஒருவரைச் சுங்க மேசையின் முன்னால் தலைகுனிந்து நிற்க வைப்பது எந்த வகையில் நியாயம்?

இன்னோர் ஆபத்தும் உண்டு. மண்ணடி, திருவல்லிக்கேணி லொட்ஜ்களில் தங்கும்போது, "நம்ம ஊர்க்காரர்தானே, இந்தச் சின்னப் பார்சலைக் கொழும்பில் கொடுத்துவிடுங்கள்" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். இளைஞர்கள் மறுத்துவிடுவார்கள். வயதானவர்கள் முகத்தாட்சண்யத்துக்காக வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும்? பையில் வியாபாரச் சரக்கு வைத்துப் பழகிய குடும்பத்தில், ஒரு பார்சல் கூடிப்போனது யாருடைய கண்ணுக்கும் படாது.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரியாகவே கணக்குப் பார்ப்போம். ஒரு சாரி அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ நிறை வரும். உம்மாவின் பையில் இருபது கிலோ இடம் கிடைத்தால் ஏறக்குறைய முப்பது சாரி. சாரிக்கு 1,500 ரூபா இலாபம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 45,000 ரூபா. இதற்குள் உம்மாவின் விமான டிக்கட், விசா, பதுளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வர வேன் செலவில் அவருடைய பங்கு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அடங்குமா? அடங்காது. ஆக, சரக்குக்காக அவரைக் கூட்டிப்போவதாக நினைப்பவர் வியாபாரத்திலும் நட்டப்படுகிறார். ஒரு பை பிடிபட்டால் அந்தப் பயணத்தின் மொத்த இலாபமும் அதோடு சரி. பில் இல்லாத சரக்கு கடைக் கணக்கிலும் ஏறாது, வருமான வரிக் கோப்பிலும் நிற்காது.

உண்மையில் வயதானவர்கள் இந்தப் பயணத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று நாம் கேட்பதேயில்லை. எமது பகுதியின் மூத்த தலைமுறைக்கு இந்தியா ஷொப்பிங் போகும் இடமல்ல. பழைய குடிசன மதிப்பீடுகளில் "இந்தியச் சோனகர்" என்று தனியாகக் கணக்கெடுக்கப்பட்டவர்கள், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வந்து மலையகத்தின் கடைவீதிகளில் வியாபாரம் செய்தவர்கள். அவர்களின் உறவுகள் இன்னும் அங்கே இருக்கின்றன. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். இங்கே ரயிலேறி, பொல்கஹவெலயில் மாறி, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய், கப்பலில் தனுஷ்கோடிக்குக் கடந்தவர்கள் அந்தக் காலத்து வியாபாரிகள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. "இராமானுஜம்" கப்பலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், எத்தனை மூத்தவர்களின் முகம் மலர்கிறது என்று. எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றுபோனது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் சேவை ஆரம்பமாகி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியபோது எமது வயதானவர்கள் அந்தச் செய்தியை வாசித்த ஆர்வத்துக்குக் காரணம் இதுதான்.

ஆகவே அவர்களின் பட்டியல் வேறு. ஓர் உறவினர் வீடு, வாப்பாவின் வாப்பா பிறந்த தெரு, மெரீனா கடற்கரை, வாலாஜா பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆ. சிலருக்கு நாகூர். (ஸியாரம் பற்றிய கருத்து வேறுபாடுகளை வியாபாரப் பக்கத்துக்கு இழுத்து வர நான் விரும்பவில்லை.) நாமோ அவர்களை ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இழுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் மறைந்துவிடுகிறோம். பதுளை, பண்டாரவளைக் குளிரில் வாழ்ந்தவர்கள் மே மாதச் சென்னையில் 40 பாகை வெயிலில் என்ன பாடுபடுவார்கள்? தியாகராய நகர்தான் போக வேண்டுமென்றால், மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் மின்தூக்கி இருக்கிறது. கீழே நெரிசலில் அடிபடாமல் அதில் கூட்டிப்போகலாம்.

என்னைக் கேட்டால், வயதானவர்களோடு போக சென்னையை விடத் திருச்சி நல்லது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்புத்தான், பதுளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. 2024 ஜனவரியில் திறந்த புதிய விமான நிலையக் கட்டடம் விசாலமானது. தெப்பக்குளம், சின்னக்கடை வீதி, என்.எஸ்.பி. வீதி எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. புடவை வாங்குபவர்களுக்கும் குறையில்லை. அங்கிருந்து நாகூருக்கோ கீழக்கரைக்கோ கார் பிடித்துப் போய்வரலாம். எங்கே போனாலும் டிக்கட் போடும்போதே சக்கர நாற்காலி தேவை என்று சொல்லிவிடுங்கள், விமான நிலைய வரிசையில் அவர்களை நிறுத்தாதீர்கள். இதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள், பக்குவமாகப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

அப்படியானால் தீபாவளிச் சரக்குக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கையில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் எமது புடவைக் கடைகளுக்கு வருடத்தின் உயிர்நாடி. அதனால்தான் ஒக்டோபரில் ஓடிப்போய் அள்ளி வரும் அவசரம். ஆனால் அதே வாரங்களில்தான் சென்னைக் கடைகளிலும் தீபாவளிக் கூட்டம், விலையும் இறங்காது. வியாபாரத்துக்கு வியாபாரி மட்டும், தனியாக, ஆடித் தள்ளுபடி நடக்கும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் போய்ப் பார்த்து வரட்டும். மாதிரிகளை எடுத்து வந்து, நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, இறக்குமதியாளராகப் பதிவுள்ள ஒருவர் மூலம், சுங்கப் பிரகடனம் செய்து, கொள்கலனில் பங்கு இடம் பிடித்து இறக்கலாம். அதற்கும் முடியாதவர்களுக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதியில் அதே டிசைன் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் கடனுக்குத் தருவார்கள், பழுதானால் மாற்றித் தருவார்கள். உம்மாவின் பையில் வந்த சாரி கிழிந்திருந்தால் யாரிடம் மாற்றுவது?

கூட்டுக் குடும்பக் கடைகளுக்கு ஒரு வார்த்தை. மூன்று சகோதரர்கள் ஒரே கடையை நடத்தும் இடத்தில், ஒருவர் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகும் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? "சரக்கும் எடுத்து வந்தேன்தானே" என்று கடைக் கணக்கில் எழுதுகிறார். அடுத்த வருடம் இரண்டாவது தம்பி தனது மாமனார், மாமியோடு போய் அதே மாதிரி எழுதுகிறார். மூன்றாமவரின் மனைவி கணக்குக் கேட்கத் தொடங்கும்போது கடையே இரண்டாகிறது. பெற்றோரின் பயணச் செலவை மூவரும் வீட்டுப் பணத்திலிருந்து சமமாகப் போட்டு, கடைப் புத்தகத்தில் ஒரு சதமும் காட்டாமல் இருந்தால் இந்தப் பிரச்சினை எழாது. குடும்பச் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்க வரிச் சட்டமும் இடமளிப்பதில்லை.

வாப்பாவை வியாபார இடத்துக்குக் கூட்டிப்போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரிகள் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில், வெயில் ஏறுமுன், அவரை ஓட்டோவில் அங்கே அழைத்துப் போங்கள். பையைக் கொடுக்காமல் துணியைக் கையில் கொடுங்கள். இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்து, இது பருத்தி, இது கலப்பு, இது இரண்டு கழுவலுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிடுவார். விலை பேசுவதையும் அவரிடமே விட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அது முடிந்ததும் அவருக்கு ஒரு பளையகாட் சாரம் வாங்கிக் கொடுத்து, பத்து மணிக்கு முன்னர் அறைக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.