நீலகிரி நீரேற்று மின் திட்டப் பணிகளில் தொல்லியல் கண்காணிப்பு கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மலைக் கிராம வரலாற்று ஆர்வலர் சங்கம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
1. உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.
2. உயர்திரு ஆணையர் அவர்கள், தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.
3. உயர்திரு மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், சென்னை.

நகல்: மாவட்ட வன அலுவலர், நீலகிரி; இயக்குநர், பழங்குடியினர் ஆய்வு மையம், முத்தோரை பாலாடா.

பொருள்: குந்தா நீரேற்று புனல் மின் திட்டப் பணிகளிலும், முன்மொழியப்பட்டுள்ள சில்லஹல்லா திட்டத்திலும், மண் அகழும் இடங்களில் தொல்லியல் கண்காணிப்பாளரை நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1932இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து நீலகிரி மலை சமவெளிக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. இப்போது போர்த்திமந்து அணையை மேல் நீர்த்தேக்கமாகவும் அவலாஞ்சி – எமரால்டு அணைகளைக் கீழ் நீர்த்தேக்கமாகவும் கொண்டு, தலா 125 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளுடன் 500 மெகாவாட் குந்தா திட்டம் கட்டுமானத்தில் உள்ளது. அடுத்து 1000 மெகாவாட் சில்லஹல்லா திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சில்லஹல்லா திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது குறித்து மலைக் கிராமங்களில் நடக்கும் விவாதத்துக்குள் இந்த மனு செல்லவில்லை. பணி நடக்கும் இடங்களில் மண்ணைத் திறக்கும்போது, அந்த மண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கையின் சாரம்.

ஏன் இந்தக் கோரிக்கை?

குந்தா திட்டம் ஏற்கெனவே உள்ள அணைகளையே பயன்படுத்துகிறது. மின் நிலையமும் நிலத்தடியில் அமைகிறது. ஆகவே புதிதாக எதுவும் மூழ்காது, பழஞ்சின்னங்களுக்கும் பாதிப்பு இல்லை என்று எண்ணத் தோன்றும். நீலகிரியின் ஈமச்சின்னங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். இம்மலையின் முதல் ஆணையராக இருந்த ஜே.டபிள்யூ. பிரீக்ஸ் திறந்து பார்த்த கற்குவைகளும் கல்வட்டங்களும் பெரும்பாலும் மலை முகடுகளிலும் மேட்டு முனைகளிலும் இருந்தவை. அவரது நூல் 1873இல் வெளிவந்தது. நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கில் இருக்கலாம். மின் கோபுரம், அணுகு சாலை, கல் குவாரி, தொழிலாளர் குடியிருப்பு, குகைப்பாதையிலிருந்து வரும் கழிவுப் பாறையைக் கொட்டும் இடம் ஆகியவை மேட்டையும் சரிவையும் தேடிச் செல்கின்றன. கல்லறைகள் இருப்பதும் அங்கேதான். நீர்மட்டக் கோட்டை மட்டும் எல்லையாக வைத்து ஆய்வு நடத்தினால், தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடியதாகவே ஆகும்.

பணிக்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்து அறிக்கை தருவதும் போதாது. பழக்கமில்லாத கண்ணுக்குக் கற்குவை என்பது புல் மூடிய வெறும் கற்குவியல். அதன் கீழே தாழி இருக்கலாம், இரும்புக் கருவியும் வெண்கலக் கிண்ணமும் மணிகளும் இருக்கலாம். சாலைக்குக் கல் தேடும் ஒப்பந்ததாரர் முதலில் கைவைப்பது இத்தகைய குவியலில்தான். வெட்டாமல், உடைக்காமல் கிடைக்கும் கல் அது. தரைக்கு மேல் எந்த அடையாளமும் இல்லாத புதைகுழிகளும் உண்டு. மேல்மண்ணைச் சீவும்போது தெரியும் நிற வேறுபாடு, சாம்பல் படிவு, ஓட்டுச் சில்லு ஆகியவையே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். அந்த நொடியில் அறிந்தவர் அங்கே இல்லையென்றால், அடுத்த வாளி மண்ணோடு அனைத்தும் லாரியில் ஏறிவிடும்.

பிரீக்ஸ் சேகரித்த பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. வேறு சேகரிப்புகள் லண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்றன. எருமை, குதிரை, மனித உருவங்கள் அமர்ந்த மூடிகளையுடைய நீலகிரி மண்கலங்கள் உலகறிந்தவை. இருந்தும் இக்கல்லறைகளின் காலம் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இன்றுவரை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் பொருளை எடுத்தார்கள். எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதைப் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. கரிமக் காலக்கணிப்பு அன்று இல்லை. இன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை செல்வதாக 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய விடையை நீலகிரிக்கும் தரக்கூடியது, எவரும் கைவைக்காத ஒரு குழியில் முறையாக எடுக்கப்படும் ஒரு பிடி கரி. அது குப்பையோடு போய்விடக் கூடாது.

முன்னுதாரணங்கள்

நாகார்ஜுனசாகர் அணைக்காக ஒரு பள்ளத்தாக்கே மூழ்க இருந்தபோது, 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாவில் பெரும் அகழாய்வு நடத்தப்பட்டது. கட்டடங்கள் பெயர்த்து அமைக்கப்பட்டன. இன்று நீர் நடுவே தீவில் அருங்காட்சியகம் நிற்கிறது. அதே காலத்தில் நம் மலையடிவாரத்தில் பவானிசாகர் அணை எழுந்தது. டணாய்க்கன்கோட்டையும் அங்கிருந்த மாதவப் பெருமாள் கோயிலும் நீருக்குள் போயின. நீர் வற்றும் ஆண்டுகளில் கோயில் வெளியே தெரியும்போது மக்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைக்கு மிக நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. பலாங்கொடை அருகே வளவை ஆற்றில் 120 மெகாவாட் சமனலவெவ திட்டம் 1992இல் நிறைவுற்றது. அதையொட்டி நடந்த தொல்லியல் கள ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் வரிசையாக இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. துருத்தி இல்லாமல், பருவக்காற்றின் வேகத்தையே கொண்டு அவை எரிந்தன என்று ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் உலை ஒன்றைக் கட்டி எரித்துக் காட்டி நிறுவினார். உயர் கரிம எஃகும் கிடைத்தது. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான அந்தத் தொழில்நுட்பம் குறித்த கட்டுரை 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. மின் திட்டமும் நின்றுவிடவில்லை. உலோகவியல் வரலாற்றுக்கும் புதிய அத்தியாயம் கிடைத்தது.

சட்டத்தில் உள்ள இடைவெளி

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே வலுவான அரணாக உள்ளன. நீலகிரியின் கற்குவைகளில் மிகப் பல அப்பட்டியலில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் படிவமும் 15 கி.மீ. தொலைவுக்குள் சட்டப் பாதுகாப்புள்ள பகுதிகளைக் கேட்கிறது. அறிவிக்கப்படாத கல்வட்டத்துக்கு அதில் கட்டமே இல்லை. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. சொன்னால் வேலை நிற்கும், கூலி போகும் என்று அஞ்சும் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் எப்படித் துணை வரும்?

கோரிக்கைகள்

1. திட்டத்துக்குத் தேவையான நிலம் முழுவதையும், அதாவது அணுகு சாலை, மின் கோபுர அடித்தளம், குவாரி, கழிவுப் பாறை கொட்டும் இடம், தொழிலாளர் குடியிருப்பு அனைத்தையும் உள்ளடக்கி, தொல்லியல் துறை நடந்து பார்த்து வரைபடம் தயாரிக்க வேண்டும். சில்லஹல்லாவில் இப்பணி எந்த மண் வேலைக்கும் முன்பாக முடிய வேண்டும்.

2. மேல்மண் அகற்றப்படும் ஒவ்வொரு பணிமுனைக்கும் தகுதி பெற்ற தொல்லியலாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவரை ஒப்பந்ததாரர் நியமிக்கக் கூடாது. தொல்லியல் துறை நியமிக்க வேண்டும். ஊதியம் திட்ட மதிப்பீட்டில் தனித் தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட வேண்டும்.

3. மேல்மண்ணைச் சீவும் பொக்லைன் இயந்திரங்களில் பல் இல்லாத தட்டை வாளியைப் பொருத்தி, மெல்லிய அடுக்குகளாக எடுக்க வேண்டும். பல் வைத்த வாளி மண்ணைக் கிளறிவிடுவதால் குழியின் விளிம்பு தெரியாமல் போய்விடும்.

4. ஈமச்சின்னமோ குடியிருப்புத் தடயமோ வெளிப்பட்டால், சுற்றிலும் 25 மீட்டருக்குப் பணியை உடனே நிறுத்தக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமான அதிகாரம் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தொல்லியல் துறை நேரில் பார்த்து, இடத்தை மாற்றுவதா, அகழ்ந்து பதிவு செய்வதா, பணியைத் தொடர்வதா என்று முடிவு சொல்ல வேண்டும்.

5. அவ்வாறு நின்ற நாள்களுக்கு ஒப்பந்ததாரரிடம் தாமத அபராதம் வசூலிக்காமல் ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்க வேண்டும். தொழிலாளர்களின் கூலி பிடிக்கப்படக் கூடாது. தகவல் தந்த தொழிலாளிக்கு வெகுமதி வழங்க வேண்டும். இந்தக் கோரிக்கை நிறைவேறாவிட்டால் மற்றவை அனைத்தும் ஏட்டளவிலேயே நிற்கும்.

6. மின் கோபுரங்களுக்கு இடம் குறிக்கும்போது கற்குவை உள்ள முகடுகளைத் தவிர்க்க வேண்டும். தாளில் இருக்கும்போது கோபுரத்தைச் சில மீட்டர் நகர்த்துவது எளிது. அடித்தளம் தோண்டிய பின் கடினம்.

7. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. திறந்து கிடக்கும் குழியை இத்தகைய மழை ஓர் இரவில் அழித்துவிடும். ஆகவே முகடுகளில் மேல்மண் அகற்றும் பணியைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடிக்குமாறு திட்டமிட வேண்டும்.

8. நீரேற்று முறையில் நீர்மட்டம் அடிக்கடி ஏறி இறங்குவதால் கரை அரிக்கும். மின் உற்பத்தி தொடங்கிய பின்னும் ஆண்டுக்கு ஒருமுறை அவலாஞ்சி, எமரால்டு, போர்த்திமந்து கரைகளைத் தொல்லியல் துறை பார்வையிட வேண்டும்.

9. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் பெரியவர்களை ஆய்வின் தொடக்கத்திலேயே கலந்து பேச வேண்டும். இறந்தவர் நினைவாக, ஆற்றில் உருண்டு வழவழப்பான கல்லைக் கல்திட்டைக்குள் வைக்கும் வழக்கம் குறும்பரிடமும் இருளரிடமும் பதிவாகியுள்ளது. இன்றும் வழிபாட்டில் உள்ள இடத்தை அந்தச் சமூகத்தின் ஒப்புதலின்றித் தொடக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் கருத்தைப் பெற வேண்டும். மனித எலும்புகளை உரிய மரியாதையோடு கையாள வேண்டும்.

10. கண்டெடுக்கப்படும் பொருள்கள் ஆய்வு முடிந்ததும் இம்மாவட்டத்துக்கே திரும்ப வேண்டும். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்கலாம். ஆண்டு அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு ஊராட்சி அலுவலகங்களில் வைக்க வேண்டும்.

எவற்றைக் கேட்கவில்லை?

பாறைக்குள் ஆழத்தில் குடையப்படும் குகைப்பாதைக்கும் நிலத்தடி மின் நிலையக் குகைக்கும் தொல்லியலாளர் தேவையில்லை. அவற்றின் வாயில்களில் மட்டும் போதும். முன்பே வெட்டிப் புரட்டப்பட்ட நிலத்தில் முழுநேரக் கண்காணிப்பு வேண்டாம். கிடைக்கும் ஒவ்வொரு ஓட்டுச் சில்லுக்கும் திட்டத்தை நிறுத்தும்படியும் கேட்கவில்லை. பதிவு செய்துவிட்டு வழிவிட வேண்டிய இடங்கள் பல இருக்கும். வழிவிடக் கூடாத இடங்கள் சில இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பு இயந்திர ஓட்டுநரின் தலையில் விழக் கூடாது என்பதே எங்கள் கவலை.

எனவே, மாவட்ட ஆட்சியர் அவர்கள் தலைமையில் தொல்லியல் துறை, மின் திட்டப் பொறியாளர்கள், வனத்துறை, பழங்குடிப் பிரதிநிதிகள், எங்கள் சங்கம் ஆகியோர் பங்கேற்கும் கூட்டத்தை 30 நாள்களுக்குள் கூட்டி, மேற்கண்ட கோரிக்கைகள் மீது எழுத்து மூலம் முடிவு அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முகடுகளை அடையாளம் காட்டவும், பழைய நூல்களில் உள்ள இடப்பெயர்களை இன்றைய ஊர்ப் பெயர்களோடு பொருத்தித் தரவும் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உடன் வரத் தயாராக உள்ளனர்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்

இடம்: உதகமண்டலம்
நாள்:

இணைப்பு: உறுப்பினர்கள் மற்றும் ஊர்ப் பெரியவர்களின் கையொப்பப் பட்டியல்.