ஒரு சிகரெட் பேப்பரும் ஒன்பது சிலிண்டர்களும்

ராஜபாளையத்தில் இன்று புது பைக் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் முதலில் தேடுவது ஸ்கேனரை. ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே இடத்தில் தேடியது சிகரெட் பேப்பரை! புகைப்பதற்கு அல்ல, டைமிங் வைப்பதற்கு.

பஞ்சு மூட்டையும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஓடிய டிவிஎஸ் 50 வண்டிகளை நினைத்துப் பாருங்கள். அதன் மேக்னெட் சக்கரத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும். அதன் வழியே எட்டிப் பார்த்தால் 'பாயிண்ட்' தெரியும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், அவ்வளவுதான். அவை பிரியும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழும். ஆனால் பிரியும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே சிகரெட் பேப்பரைச் செருகி, லேசாக இழுத்துப் பிடித்தபடியே சக்கரத்தை மெல்லத் திருப்புவார்கள். பேப்பர் எந்த இடத்தில் விடுபட்டுக் கையோடு வருகிறதோ, அதுதான் பொறி விழும் இடம்.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350க்கும் இதே வைத்தியம்தான். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். பிந்திவிட்டால் வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும்.

பாயிண்ட் போய் சிடிஐ வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின், பெரும்பாலான புது வண்டிகளில் பெட்ரோலையும் பொறியையும் சேர்த்து ஈசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அப்புறம் எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. டைமிங்கை ஒரு தடவையாவது தன் கையால் வைத்துப் பார்க்காமல் எந்த மாணவனும் மெக்கானிக்கல் படிப்பை முடித்துவிடக் கூடாது. அதை நன்றாகப் புரியவைக்கும் எஞ்சின் எது என்றால், அது பைக்கிலும் இல்லை, காரிலும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன்னால் விமானங்களில் பறந்த ரோட்டரி எஞ்சின்.

ரோட்டரி என்றதும் மஸ்தா கார்களில் வந்த வாங்கெல் எஞ்சினை நினைக்க வேண்டாம். இது வேறு. பிரான்ஸின் செகன் சகோதரர்கள் உருவாக்கிய 'நோம்' எஞ்சின்தான் இதில் முதலில் புகழ்பெற்றது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர் அசையாது, கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். இதில் எல்லாம் தலைகீழ்! கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். ஏழு அல்லது ஒன்பது சிலிண்டர்களும் ப்ரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். முதல் உலகப் போரின் பல விமானங்கள் இப்படித்தான் பறந்தன. எஞ்சின் ஆயில் என்ன தெரியுமா? நம்மூர் விளக்கெண்ணெய். அது பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பிளக்கில் படிந்து கொடுத்த தொல்லை தனி.

இதை ஆடிப்பூரத் திருவிழா ராட்டினத்தை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஒன்பது தொட்டில்கள் உள்ள ராட்டினம் சுற்றுகிறது. உச்சியில் ஒருவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரு தொட்டில் விட்டு ஒரு தொட்டிலைத் தட்டுகிறார். முதல் சுற்றில் 1, 3, 5, 7, 9. அடுத்த சுற்றில் 2, 4, 6, 8. இரண்டு சுற்றில் எல்லாத் தொட்டிலுக்கும் ஒரு தட்டு கிடைத்துவிட்டது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேண்டியதும் இதுவே: இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. தொட்டில்கள் எட்டாக இருந்தால்? 1, 3, 5, 7, மறுபடி 1. இரட்டைப்படைத் தொட்டில்களுக்குத் தட்டே விழாது. ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்கள் ஒற்றைப்படையில் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த உச்சி ஆள்தான் மேக்னெட்டோ. அது சுற்றாத பாகத்தில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு கார்பன் பிரஷ், சிலிண்டர்களோடு சுற்றும் வளையத்தின் பித்தளைத் துண்டுகளுக்குக் கொடுக்கும். அங்கிருந்து கம்பி வழியே பிளக்குக்குப் போகும். ஒன்பது சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒன்பது பொறி. மேக்னெட்டோ தன் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி கொடுக்கும் வகை என்றால், அது எஞ்சினைவிட இரண்டேகால் மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும்போது நொடிக்கு 90 பொறிகள்!

இப்போது டைமிங். சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கலவை ஒரேயடியாக வெடித்துவிடாது, எரிந்து பரவக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே, உதாரணமாக 25 டிகிரி முன்பே, பொறி விழ வேண்டும். 1200 சுற்றில் ஒரு நொடிக்கு 7200 டிகிரி. 25 டிகிரி என்றால் சுமார் மூன்றரை மில்லி நொடி. ரோட்டரி எஞ்சின் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடியதால் இந்த அளவைத் தரையிலேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள். பறக்கும்போது மாற்ற முடியாது.

வைக்கும் முறை இது. முதலில் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளக் துளை வழியே கம்பி விட்டுப் பார்த்தால், உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் அசையாமல் நின்றுவிட்டது போலவே இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள். ஆகவே ஏறும்போது கம்பி ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, இறங்கும்போது அதே உயரத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. ரோட்டரியில் கிராங்க் அசையாது என்பதால் எல்லாச் சிலிண்டருக்கும் உச்சி ஒரே இடத்தில்தான் வரும். மற்ற எஞ்சின்களில் 'எப்போது' என்று கேட்கும் கேள்வி, இதில் 'எங்கே' என்று ஆகிவிடுகிறது. பாடம் நடத்த இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது, உச்சியிலிருந்து பின்னோக்கித் திருப்ப வேண்டும். 25 டிகிரியில் நிறுத்தக் கூடாது. இன்னும் கொஞ்சம் பின்னே போய், பிறகு ஓடும் திசையிலேயே முன்னோக்கிக் கொண்டுவந்து 25இல் நிறுத்த வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம் அப்போதுதான் போகும். அந்த நிலையில் பிரஷ் முதல் சிலிண்டரின் பித்தளைத் துண்டில் இருக்க வேண்டும், மேக்னெட்டோவின் பாயிண்ட்டும் சரியாகப் பிரிய வேண்டும். அதைச் சொல்ல, மறுபடியும் அதே மெல்லிய பேப்பர்! பேப்பர் விடுபடும் நிலையில் பல்லோடு பல்லைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒரு பல் தவறினால் எல்லாம் தவறு.

தவறினால் என்ன ஆகும்? ப்ரொப்பல்லரைக் கையால் சுழற்றுபவரின் கை ஒடியலாம். அல்லது விமானம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் எஞ்சின் கைவிடலாம். 1917இல் ராயல் ஃப்ளையிங் கோரில் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக் ஓட்டியது சோப்வித் கேமல். ரோட்டரி எஞ்சின் விமானம். அந்த அக்டோபரில் சண்டையில் காலில் குண்டடி பட்டும் உயிர் பிழைத்தார், பிற்காலத்தில் பிரான்ஸுக்கு இந்தியத் தூதராகவும் போனார். அவரைப் போன்றவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர்களின் எஞ்சினுக்கு டைமிங் வைத்த ஃபிட்டர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

நம்மூர் விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். இந்த இரண்டு ஊர்களைச் சுற்றி இன்ஜினியரிங் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் பஞ்சமில்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் வால்வு டைமிங், போர்ட் டைமிங் வரைபடம் எடுக்கும் பரிசோதனை பல காலமாக இருந்துவருகிறது. மாணவர்கள் ஃப்ளைவீலில் உச்சியைக் குறிக்கிறார்கள், சுற்றளவை அளக்கிறார்கள், வட்டம் வரைகிறார்கள். ஆனால் அதே எஞ்சினில் பொறி எங்கே விழுகிறது என்று கையால் தேடுவது அதில் இல்லை. 'இக்னிஷன் அட்வான்ஸ் என்றால் என்ன' என்பது இரண்டு மார்க் கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

ஈசியூ காலத்தில் இது வீண் வேலை என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஈசியூவுக்குப் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று நேராகத் தெரியாது. கிராங்க்கோடு சுற்றும் பல்சக்கரத்தில், ஒன்றிரண்டு பல் வேண்டுமென்றே விட்டுப்போன ஓர் இடம் இருக்கும். சென்சார் அதைப் பார்த்துத்தான் கணக்கை ஆரம்பிக்கிறது. பழைய மெக்கானிக் போட்ட கோட்டின் வேலையைத்தான் அந்த இடம் செய்கிறது. அந்தச் சக்கரம் கொஞ்சம் நகர்ந்து பொருந்திவிட்டால், ஈசியூ தப்பான உச்சியை நம்பிக் கணக்குப் போடும். ஸ்கேனர் காட்டுவதும் ஈசியூ நம்புவதைத்தான், நிஜத்தை அல்ல. அப்போது பிளக்கைக் கழற்றிக் கம்பியை விட்டுப் பார்க்கத் தோன்ற வேண்டும். ஒரு தடவை கையால் செய்தவனுக்குத்தான் அது தோன்றும்.

ரோட்டரி எஞ்சினை இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் அருங்காட்சியகத்தில் இன்றும் பறக்க விடுகிறார்கள். நியூசிலாந்தில் நோம் எஞ்சினைப் புதிதாகவே செய்கிறார்கள். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கொண்டுவர வேண்டியதில்லை, கரும்பலகையில் வரைந்தால் போதும். கைவேலைக்குக் காயலான் கடையில் கிடைக்கும் ஒரு டிவிஎஸ் 50 எஞ்சின், டிகிரி ஒட்டிய ஒரு அட்டை, ஒரு பேப்பர். லேபில் ஒரு மதியம்.

சொல்லித்தர ஆளும் வெளியே தேட வேண்டாம். ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடும் வித்தை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்களால்தான் கைமாறி வருகிறது. பாயிண்ட் வைத்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இன்று அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர்களில் ஒருவரைக் கல்லூரிக்கு மரியாதையாக அழைத்து, ஃப்ளைவீல் பக்கத்தில் நிற்க வைத்து, பேப்பரை மாணவன் கையில் கொடுக்கச் சொல்ல வேண்டும். இன்னும் பத்து வருடம் கழித்து அழைத்தால் யார் வருவார்கள்?