பூகோளமும் ஒரு கிணறும்

பூகோளம் என்றதும், நதிகளையும் தலைநகரங்களையும் நெட்டுருப் போட்ட நாட்கள்தான் நேயர்களில் பலருக்கு ஞாபகம் வரும். அந்தச் சாஸ்திரத்துக்கும் கொள்கைகள் உண்டு, ஆராய்ச்சி முறைகள் உண்டு என்றால் "அப்படியா?" என்பார்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி டில்லியில் பூகோள ஆனர்ஸ் படிக்கிறாள். விடுமுறைக்கு ரெட்டியார்சத்திரம் வந்தவள், சர்வே படத்துடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். கிணறுகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம்.

"இந்தச் சமவெளி ஏன் வறண்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

"தென்மேற்குப் பருவக் காற்றைப் பழனி மலை தடுத்துவிடுகிறது, ஸார். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்குக் கதி."

இயற்கையே மனித வாழ்வை உருவாக்குகிறது என்று 1911-ல் அமெரிக்க மாது எலன் செம்பிள் எழுதினார். ஆனால் ஒரே வானத்தின் கீழ் ஒருவர் நிலம் பூந்தோட்டமாகவும் அடுத்தவர் நிலம் கருவேலங் காடாகவும் இருப்பானேன்? இயற்கை வழிகளைக் காட்டுகிறது. தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்பது பிரெஞ்சு அறிஞர் விடால் தெ லா பிளாஷின் கட்சி. தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் உண்டா? நகரங்களை வைத்து 1973-ல் டேவிட் ஹார்வி எழுப்பிய சமூக நீதிப் பிரச்னை இத்தகையதே. கிராமத்துக்கும் அது பொருந்தும்.

அவள் முப்பது கிணறுகளை அளந்திருந்தாள். கணக்கில் பிழையில்லை. படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், முப்பதும் பழனி ரஸ்தாவின் ஓரமாகவே இருந்தன! பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எட்டிய கிணறுகள் அவை.

மறுநாள் இருவரும் உள்ளே நடந்தோம். வற்றிய கிணற்றடியில் ஒரு மூதாட்டி சொன்னாள்: "வானம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், தாயி. பக்கத்துத் தோட்டத்துல ஆழமா போர் போட்டாக. என் கிணறு வத்திப்போச்சு."

ஆகாயத்திலிருந்து எடுக்கும் படத்தில் தோட்டத்தின் பசுமை தெரியும். இந்த வார்த்தை தெரியாது. அந்தப் பெண் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டாள். கிராமக் கணக்கை வைத்துக்கொண்டு, ரஸ்தா என்றும் உட்காடு என்றும் பாராமல், பத்துக்கு ஒரு கிணறாகப் பொறுக்கினாள். லீவு முழுவதும் வெயிலில் நடந்தாள்.

இது புது வித்தையன்று. 1926-லேயே சென்னையில் பூகோள சங்கம் தோன்றியது. அதன் பத்திரிகை இன்றும் பெயர் மாறி வெளிவருகிறது. தேவையானவை ஒரு படமும், இரண்டு கால்களும், தன் முடிவையே சந்தேகிக்கும் துணிவுந்தான்.

உங்கள் குழந்தை அடுத்த முறை தலைநகரங்களை ஒப்பிக்கும்போது, நம் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் பாதகமில்லை, இருவருமாகப் புறப்படுங்கள்.