எடின்பரோவின் குழியும் கல்தச்சனின் நெஞ்சும்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குப் போய் வருகிறவர்கள் அங்குள்ள "புது நகர"த்தைப் பற்றிப் பேசி ஓய்வதில்லை. நேரான வீதிகள், வரிசை வரிசையான கல் மாளிகைகள்! 1767இல் வரைபடம் தயாராயிற்று; அதன்பின் பல பத்தாண்டுகள் கட்டினார்கள். கட்டியது யார் என்றால் வரைபடம் போட்டவரின் பெயரைச் சொல்கிறார்கள். கல் எங்கிருந்து வந்தது என்றால் கிரெய்க்லீத் குவாரியைக் காட்டுகிறார்கள். அந்தக் கல்லைக் கொத்தியவன் என்ன ஆனான்? அதைக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

நாம் சொல்கிறோம், தோழர்களே. முதலில் கல்லைப் பற்றி.

ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடந்தது. பேராறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. மணல்மேல் மணல் படிந்து, அழுந்தி, இறுகி மணற்கல் ஆயிற்று. கிரெய்க்லீத் கல்லில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சிலிக்கா. அதாவது கண்ணாடி செய்யும் மணலின் சரக்கு. மணலைப் பிணைத்திருக்கும் பசையும் சிலிக்காவே. ஆகவேதான் மழையும் பனியும் அதை எளிதில் அரிப்பதில்லை. ஆகவேதான் உளி பட்டால் பொடிப்பொடியான தூசு பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசு நுரையீரலின் அடி வரை போய்த் தங்குகிறது. உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் வடுவைக் கட்டுகிறது. வடு பெருகப் பெருக மூச்சு சுருங்குகிறது. பின்னாலேயே காசநோயும் நுழைகிறது. சிலிக்கோசிஸ் என்பது இதன் பெயர். (பஞ்சுத் தூசு தரும் நோய் வேறு. ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடும் பஞ்சாலைத் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

1826லும் 1830லும் இந்தக் குவாரியில் பிரமாண்டமான கல்மரங்கள் கிடைத்தன. ஆற்று மணலில் புதைந்து கல்லாகிப் போன மரங்கள் அவை. அறிவாளிகள் ஓடி வந்தார்கள், மெல்லிய தகடாக அறுத்து உள்ளே பார்த்தார்கள், புத்தகம் எழுதினார்கள். கிரெய்க்லீத்தின் கல்மரம் இன்றும் எடின்பரோவின் தாவரவியல் தோட்டத்தில் நிற்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தின் வெளியிலும் ஒன்று நிற்கிறது. நல்லதுதான். விஞ்ஞானத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்தைத் தோண்டி எடுத்தவனின் நெஞ்சை அறுத்துப் பார்க்க அதே அவசரம் யாருக்கு இருந்தது?

ஒருவர் பார்த்தார். எடின்பரோ டாக்டர் வில்லியம் அலிசன், 1820களிலேயே எழுதினார்: இந்நகரில் தொடர்ந்து கல் கொத்தும் தொழிலாளி, நெஞ்சுநோயின் குறி இல்லாமல் ஐம்பது வயதைத் தொட்டது அபூர்வம் என்று. அதே காலத்தில்தான் கால்டன் குன்றின் மேல் போர் நினைவுச்சின்னம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய கற்களை மேலேற்ற 12 குதிரைகளும் 70 ஆட்களும் தேவைப்பட்டார்கள். 12 தூண்கள் நின்றதும் 1829இல் பணம் தீர்ந்தது, வேலையும் நின்றது. கனவான்களின் சந்தா வற்றிப்போன கதைக்கு இன்றும் 12 தூண்கள் சாட்சி!

ஹியூ மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1820இல் வட ஸ்காட்லாந்துக் குவாரியில் கூலியாகச் சேர்ந்தவர். சம்மட்டி அடித்துக்கொண்டே பாறையைப் படித்து, பிற்காலத்தில் பேர்பெற்ற புவியியல் எழுத்தாளர் ஆனவர். எடின்பரோவிலும் கல் கொத்தினார். தூசு அவர் நெஞ்சையும் கெடுத்தது. நாற்பதைப் பழுதில்லாமல் தாண்டும் கல்தச்சர் சொற்பம், நாற்பத்தைந்தை எட்டுபவர் ஐம்பதில் ஒருவர்கூட இல்லை என்று எழுதிவைத்தார். இவர் வேலைநிறுத்தங்களை ஆதரித்தவர் அல்ல. சங்கக்காரன் மிகைப்படுத்துகிறான் என்று சொல்லித் தப்ப முடியாத சாட்சி இது.

டாக்டர் சொன்னார், தொழிலாளி சொன்னார். பிரிட்டனில் சிலிக்கோசிஸுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் எப்போது வந்தது? 1918இல்! ஏறத்தாழ நூறு ஆண்டுகள், தெரிந்தே ஆட்களைப் பலிகொடுத்தார்கள்.

முந்நூறு அடிக்கு மேல் ஆழம் கண்ட கிரெய்க்லீத் குழி இருபதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. குப்பை கொட்டித் தூர்த்தார்கள். 1990களில் அதன்மேல் அங்காடி எழுந்தது. மிச்சமிருக்கும் பாறைச் சுவர் ஒன்றே பழைய குவாரியின் அடையாளம்.

குழி மூடியதோடு கதை மூடிவிட்டதா? இல்லை. இன்று பிரிட்டனின் வீட்டு முற்றங்களில் பாவும் மணற்கல்லில் பெரும்பங்கு நம் ராஜஸ்தானிலிருந்து கப்பலேறிப் போகிறது. அங்கே தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லைத் துளைக்கிறார்கள், வெட்டுகிறார்கள். சிலிக்கோசிஸ் வந்தால் அறிவிக்க வேண்டும் என்பது 1952 சுரங்கச் சட்டக் காலத்து விதி. விதி இருந்தும் ராஜஸ்தான் சர்க்கார் தனிக் கொள்கை வகுக்க 2019 ஆயிற்று. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வாங்கட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் பணம் சர்க்கார் வழியாக வருகிறது. எந்தக் குவாரியில் அந்தத் தூசு ஏறியது? பதிவேட்டில் பெயரே இல்லாத கூலி, முதலாளியை எப்படிக் கைகாட்டுவான்?

கேட்பது பெரிய காரியமல்ல. துளைக்கும் இடத்தில் தண்ணீர். மஸ்டர் ரோலில் பெயர். ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே. அந்தப் படம் தொழிலாளியின் கையில். தண்ணீருக்கு ஆகும் செலவையும் கல்லுக்குக் கிடைக்கும் விலையையும் குவாரி முதலாளிகள் ஒரே தாளில் எழுதி வெளியிடட்டும், பார்க்கலாம்!