துப்பாக்கி தரித்த பிரஜையும் போலீஸ்காரரும்

சாயங்கால வேளையில் ஒரு குடும்பஸ்தர் காற்று வாங்கப் புறப்படுகிறார். கூடவே மனைவி, மகள், பேரன். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் நாய். இடுப்பு வாரில் ஓர் உறைக்குள்ளே டெலிபோன். அதற்கு அடுத்த உறையிலே, போவோர் வருவோர் எல்லோர் கண்ணிலும் படும்படியாக, கறுப்பு நிறக் கைத்துப்பாக்கி!

நேயர்களுக்கு இந்தக் காட்சி சற்று விசித்திரமாய்த் தோன்றலாம். நம் தாத்தாமார்கள் காற்று வாங்கப் போகும்போது அங்கவஸ்திரமும் கைத்தடியும் கொண்டு போனதுண்டு. மழைக்காலமானால் குடையும் சேர்ந்துகொள்ளும். துப்பாக்கி கொண்டு போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மேலே சொன்னது கதையல்ல. அமெரிக்காவில், ஒஹையோ ராஜ்யத்தில், டொலிடோ என்னும் நகரத்து வீதியில், 2010-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்தது.

மோட்டார் சைக்கிளில் அவ்வழியே சென்ற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். இப்படித் துப்பாக்கியோடு தெருவில் நடமாடலாகாது என்று ஆட்சேபித்தார். 'சட்டம் அனுமதிக்கிறது' என்று அந்த வீட்டு அம்மாள் பதில் சொன்னாள். மோட்டார் சைக்கிள்காரருக்குத் திருப்தி ஏற்படவில்லை. போலீஸுக்கு டெலிபோன் செய்தார். டெலிபோனை எடுத்த ஊழியரும் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்றே சொன்னார். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அதிகாரியை அனுப்பியும் வைத்தார்! உலகத்தில் எல்லா ஊர்ச் சர்க்கார் ஊழியர்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள்தான் போலும்.

வந்த அதிகாரி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். மனிதரின் கைகளில் விலங்கு மாட்டினார். போலீஸ் வண்டியில் உட்கார வைத்தார். சுமார் அரைமணி நேரம் கழிந்தது. கடைசியில், தம்மைப் பற்றிய விவரங்களைச் சொல்ல மறுத்தார் என்று ஒரு குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவரை விடுவித்தார்கள். பிற்பாடு அந்தக் குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது.

குடும்பஸ்தர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். வழக்கு மத்திய அப்பீல் கோர்ட்டு வரையில் ஏறி, 2015-ல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பின் சாரம் இதுதான்: துப்பாக்கியை வெளிப்படையாகத் தரித்து வீதியில் நடக்கலாம் என்று ஒஹையோ சட்டசபை தீர்மானித்திருக்கிறது. இதனால் போலீஸாருக்குச் சில சமயம் தர்மசங்கடம் ஏற்படலாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஏற்படலாம். அதற்காக, சட்டம் அனுமதித்த ஒரு காரியத்தைச் செய்வதையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்டு ஒருவரைப் பிடித்து வைக்கப் போலீஸாருக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே அந்த அதிகாரியின்மீது வழக்கு நடக்கலாம்.

தீர்ப்பு நியாயமானதென்றே நமக்குத் தோன்றுகிறது. சட்டத்தை எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் அனுமதி கொடுத்துவிட்டு, அந்த அனுமதியை நம்பியவனை இன்னொரு பக்கம் விலங்கிட்டால் அதற்குச் சட்டம் என்று பெயர் அல்ல. ஆயினும் அந்த அதிகாரியின் நிலைமையையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிய இரண்டாவது திருத்தம் 1791-ம் வருஷத்திலேயே ஏற்பட்டது. அது தனி மனிதருடைய உரிமைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-லும், வீட்டுக்கு வெளியிலும் அது செல்லும் என்று 2022-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலான ராஜ்யங்களில் வெளிப்படையாகத் துப்பாக்கி தரித்துப் போகலாம். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், 1968-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அந்த வழக்கும் ஒஹையோவிலுள்ள கிளீவ்லந்து நகரத்து வீதியில் பிறந்ததுதான். ஒருவர் ஏதோ குற்றத்துக்கு முனைகிறார் என்று சந்தேகிக்கத் தகுந்த காரணம் இருந்தால் அவரை நிறுத்தலாம். ஆயுதம் வைத்திருப்பவராகவும் அபாயகரமானவராகவும் தோன்றினால் மேலே தடவிச் சோதிக்கலாம் என்பது அதன் தீர்ப்பு.

'ஆயுதம்', 'அபாயம்' என்ற இரண்டு சொற்களும் அந்தக் காலத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போல் சேர்ந்தே நடந்தன. இப்பொழுது சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. துப்பாக்கி கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் அது சந்தேகத்துக்குக் காரணமாகாது. போலீஸ்காரர் கிட்டப் போய், 'ஐயா, சௌக்கியமா? எங்கே இவ்வளவு தூரம்?' என்று சிநேகமாய் விசாரிக்கலாம். அவரும் விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம்; இல்லாவிட்டால் தம் வழியே போகலாம். எட்டி நின்று, துப்பாக்கி உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, யாரையாவது குறி பார்க்கிறதா என்று கவனிக்கலாம். அதற்கு மேல் செய்வதற்கு வேறு காரணம் வேண்டும். போலீஸ்காரரைப் பரீட்சை பார்ப்பதற்கென்றே தோளில் துப்பாக்கியும் கையில் படம் பிடிக்கும் யந்திரமுமாக வீதியில் உலாவும் மகான்களும் அந்நாட்டில் உண்டு. போலீஸ்காரர் தவறு செய்தாரானால் வழக்கு. பொறுமையாக இருந்து, எதிரே வருகிறவன் உண்மையிலேயே கொலைகாரனாக இருந்துவிட்டால் உயிர் போயிற்று.

இந்தத் தர்மசங்கடம் எல்லோர் விஷயத்திலும் ஒரே மாதிரி முடிந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. அப்படி முடியவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அதே ஒஹையோ ராஜ்யம். 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். பீவர்கிரீக் என்னும் ஊரில் ஒரு பெரிய கடை. 22 வயது இளைஞர் ஒருவர் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, டெலிபோனில் பேசிக்கொண்டே உலாவினார். யாரோ போலீஸுக்குச் செய்தி கொடுத்தார்கள். வந்த போலீஸார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நவம்பர் மாதத்தில் கிளீவ்லந்து நகரத்துப் பூங்காவில் 12 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான். அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், வைத்திருப்பவன் சிறுவனாக இருக்கலாம் என்று டெலிபோன் செய்தவரே சொன்னார். அந்த இரண்டு வார்த்தைகளும் போலீஸ்காரர்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி புல்தரையில் ஏறிப் பையனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் அதிகாரி சுட்டுவிட்டார். சுட்டவர்கள்மீது இரண்டு சம்பவங்களிலும் குற்றம் சாட்ட ஜூரிகள் மறுத்தார்கள். பையனுடைய குடும்பத்துக்கு நகரசபை 2016-ல் 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அந்த இளைஞரும் பையனும் கறுப்பு இனத்தவர்கள். டொலிடோவில் நிஜத் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அரைமணி நேர விலங்கு. இவர்கள் வைத்திருந்ததோ நிஜத் துப்பாக்கிகூட அல்ல. ஒவ்வொரு சம்பவத்திலும் சூழ்நிலை வேறு என்று சொல்லுவோர் உண்டு. வாஸ்தவமே. ஆனாலும், சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும் உரிமை ஒரு மனிதருக்குப் பலிக்குமா பலிக்காதா என்பதைப் போலீஸ்காரர் முதல் பார்வையில் அடையும் பயம் தீர்மானிக்கிறது. அந்தப் பயமோ ஆளின் நிறத்தைப் பார்த்துப் பெருகுகிறது என்று கறுப்பு மக்கள் நெடுங்காலமாய் முறையிட்டு வருகிறார்கள்.

முறையீடு பழையது என்பதற்குக் கலிபோர்னியாவின் சரித்திரமே சாட்சி. 1966-ல் ஓக்லந்து நகரில் ஹியூயி நியூட்டன், பாபி ஸீல் என்னும் இரு இளைஞர்கள் 'கருஞ்சிறுத்தைக் கட்சி'யை ஆரம்பித்தார்கள். போலீஸ் வண்டி எங்கே போகிறதோ அங்கே இவர்களும் வண்டியில் பின்தொடர்வார்கள். போலீஸார் கறுப்பர் ஒருவரை நிறுத்தினால், சட்டம் விதித்த தூரத்தில் துப்பாக்கியோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நியூட்டன் சட்டம் படித்தவர். சட்டத்தை எடுத்துச் சொல்லுவார். அன்றைய சட்டப்படி அது குற்றமல்ல. ஆகையால் போலீஸார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். உடனே சட்டத்தையே மாற்ற மசோதா வந்தது! 1967 மே 2-ந் தேதி சுமார் 30 பேர் துப்பாக்கிகளுடன் ஸாக்ரமெண்டோ சட்டசபை மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு போவதைத் தடுக்கும் சட்டத்தில் கவர்னர் ரொனால்டு ரீகன் ஜூலை மாதமே கையெழுத்திட்டார்.

இதற்கு 53 வருஷங்களுக்குப் பிறகு, 2020 ஏப்ரல் 30-ந் தேதி, மிச்சிகன் ராஜ்யத்துச் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளும் துப்பாக்கி தரித்தவர்கள் புகுந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கொள்ளை நோய்க் கட்டுப்பாடுகளை எதிர்த்து முழங்கினார்கள். சபையின் கதவுக்கு முன்னே போலீஸார் வரிசையாய் நின்று வழி மறித்தார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. இவ்வளவு பொறுமை போலீஸாரால் முடியும் என்பதைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். கட்டிடத்துக்குள் துப்பாக்கியை வெளிப்படையாகக் கொண்டு வருவதைத் தடை செய்ய 2021 ஜனவரி வரையில் ஆயிற்று.

டல்லஸ் நகரத்து இரவையும் சொல்ல வேண்டும். 2016 ஜூலை 7-ந் தேதி அங்கே நடந்த ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் தோளில் ரைபிளோடு வந்திருந்தார்கள். டெக்ஸாஸில் அது குற்றமல்ல. திடீரென்று ஒருவன் ஒளிந்திருந்து சுட்டு, ஐந்து போலீஸ் அதிகாரிகளைக் கொன்றான். ஜனங்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். ரைபிளோடு ஓடுகிறவர்களில் கொலைகாரன் யார், உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் யார்? ஊர்வலத்தில் வந்த ஒருவருடைய படத்தைச் சந்தேகத்துக்குரியவர் என்று போலீஸாரே உலகமெங்கும் பரப்பிவிட்டார்கள். அவரோ அதற்குள் தம் துப்பாக்கியைப் பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். விசாரித்து, நிரபராதி என்று கண்டு, அனுப்பினார்கள்.

அதே மாதத்தில் கிளீவ்லந்து நகரில் குடியரசுக் கட்சியின் மகாநாடு கூடவிருந்தது. மகாநாடு முடிகிற வரையிலாவது பகிரங்கமாகத் துப்பாக்கி தரிப்பதை நிறுத்தி வைக்க வேண்டுமென்று அந்நகரத்துப் போலீஸார் சங்கத் தலைவர் கவர்னரிடம் விண்ணப்பித்துக்கொண்டார். தமக்கு அந்த அதிகாரம் இல்லையென்று கவர்னர் கைவிரித்தார். நகரசபைக்கும் அதிகாரம் இல்லை. அதனால் இயன்றது, மகாநாட்டு வட்டாரத்துக்குள் கொண்டுவரக் கூடாத சாமான்களுக்கு ஒரு ஜாபிதா வெளியிட்டதுதான். டென்னிஸ் பந்து கூடாது. தண்ணீர் பீச்சும் துப்பாக்கி கூடாது. விளையாட்டுத் துப்பாக்கி கூடாது. நிஜத் துப்பாக்கிக்கு ஆட்சேபணை இல்லை.