எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட்டா?

“ஃபைல் லாக் ஆயிருச்சா? சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிருங்க சார்.” திண்டுக்கல்லில் நூற்பாலை அலுவலகமானாலும் வெங்காய மண்டியானாலும் முதலில் வந்து விழுகிற யோசனை இதுதான். சர்வீஸுக்கு வருகிற பையன் முதல் முதலாளி வரை இதை வேதவாக்காக நம்புகிறார்கள். பலர் பகிர்ந்து வேலை செய்யும் நெட்வொர்க் கோப்புகளில் இது பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிகிற வைத்தியம்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்கிற என்எஃப்எஸ் முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கியபோது, யார் எந்தக் கோப்பில் என்ன செய்கிறார்கள் என்பதை சர்வர் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதே கொள்கை. ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாமல் தடுக்கிற லாக்கைப் போடும் வேலை தனிச் சேவையாக ஒட்டப்பட்டது. 1995இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அதே ஏற்பாடுதான். லாக் போட்ட கம்ப்யூட்டர் படுத்துத் திரும்ப எழவே இல்லையென்றால், அந்த லாக் சர்வரில் காலத்துக்கும் கிடக்கும். ரீஸ்டார்ட் செய்தால் போகும். பழக்கம் அங்கே பிறந்தது. அன்றைக்கும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. எழுந்த சர்வர் மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தகவல் அனுப்பி, அவை தங்கள் லாக்குகளை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். நடுவில் ஃபயர்வால் தடுத்தால், உபயோகத்தில் இருக்கிற லாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

2000இல் வெளியான நான்காம் பதிப்பில் லாக் என்பது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய குத்தகை. லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 விநாடி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம திண்டுக்கல் பூட்டு கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும், இது இருக்காது. புதுப்பிக்காத குத்தகையை சர்வர் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ரீஸ்டார்ட் செய்தாலோ, பழைய ஆட்கள் தங்கள் லாக்கைத் திரும்பக் கேட்க அவகாசம் கிடைக்கும், அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஆள் போய்விட்டிருந்தால் குத்தகை தானாகவே காலாவதி ஆகியிருக்கும். பிறகு ரீஸ்டார்ட் செய்து என்ன கண்டோம்?

உண்மையான ஆபத்து மாட்டிக்கொண்ட லாக்கில் இல்லை, தொலைந்த லாக்கில் இருக்கிறது. குடோன் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் உண்டு. மாடியில் சர்வருக்கும் கணக்கருக்கும் உண்டு. குடோன் சுவரில் ஒட்டடையோடு தொங்கும் எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்சுக்கு மட்டும் கிடையாது. கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் ஓட இரண்டு, மூன்று நிமிடம். குடோன் திரையில் சரக்கு இருப்பு அப்படியே தெரிகிறது. சர்வரைப் பொறுத்தவரை அந்த ஆளைக் காணோம். கணக்கர் அதே கோப்பைத் திறக்கிறார், லாக் கிடைக்கிறது, திருத்திவிட்டு மூடுகிறார். சுவிட்சில் விளக்கு எரிந்ததும் குடோன்காரர் ‘சேவ்’ அழுத்துகிறார்.

லினக்ஸ் 3.12 முதல், தொலைந்த லாக்கை வைத்துக்கொண்டு எழுத குடோன் கம்ப்யூட்டரின் கர்னல் விடாது, பிழை காட்டும். அதற்கு முந்தைய கர்னல்களில், லாக் போனதும் திரும்பி வந்ததும் தெரியாமலே புரோகிராம் எழுதிக்கொண்டு போகும். கணக்கர் போட்ட பதிவு அம்பேல். பழைய மாதிரியே நடக்கவைக்க இன்றைக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது. பிழைச் செய்தி தொல்லை என்று அதைப் போட்டுவிடுவது, நாய் குரைக்கிறதென்று வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது.

அந்தப் பிழை, புரோகிராம் கோப்பை மூடினால்தான் தீரும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் தீராது. யார் எந்த லாக்கை வைத்திருந்தார்கள் என்ற பட்டியல் அழியும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பட்டியலைப் பாருங்கள். லினக்ஸ் சர்வரில் லாக் பட்டியலும் கர்னல் பதிவேடும் இருக்கின்றன. விண்டோஸில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ இருக்கிறது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை வைத்திருப்பவரைக் கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள். குடோன் சுவிட்சை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இதெல்லாம் முடிகிறவரை, ரீஸ்டார்ட் பட்டனுக்குக் கை நீட்டுபவரை டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.