காணாமற் போனவர் குற்றவாளியா?

1978-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி இரவு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து யூபா ஜில்லாப் பகுதியைச் சேர்ந்த ஐந்து பேர், சிக்கோ நகரில் கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். போய்ச் சேரவில்லை. ஐவரும் புத்தி வளர்ச்சிக் குறைவோ மனோவியாதியோ உள்ளவர்கள். மறுநாள் அவர்களுடைய சொந்தக் கோஷ்டிக்கே பந்தய ஆட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு மலைக்கு ஓடுவார்களா?

ஆனால் கார் மலையில்தான் கிடைத்தது. வீட்டுக்குச் செல்லும் வழிக்குச் சம்பந்தமேயில்லாத காட்டுப் பாதையில் பனியில் சிக்கி நின்றது. பெட்ரோல் இருந்தது. ஐவரும் சேர்ந்து தள்ளியிருந்தால் நகர்ந்திருக்கும். பனிப்புயல் வந்தது, தேடுதல் நின்றது. பனி உருகிய ஜூன் மாதத்தில்தான் நால்வரின் உடல்கள் கிடைத்தன.

அவர்களில் ஒருவர், காரிலிருந்து சுமார் 19 மைல் தள்ளி, வன இலாகாவின் டிரெய்லர் வண்டிக்குள் படுக்கையில் கிடந்தார். ஏறக்குறையப் பாதி எடை குறைந்திருந்தது. தாடியின் வளர்ச்சியைக் கொண்டு, அவர் எட்டு வாரங்களுக்குக் குறையாமல் உயிரோடிருந்தார் என்று கணித்தார்கள். எட்டு வாரங்கள்! கொட்டகையில் சாப்பாடு இருந்தது. அடுப்புக்கு எரிவாயு இருந்தது, குழாய்தான் திறக்கப்படவில்லை. சந்திரனில் மனிதனை இறக்கிய தேசத்தில், சர்க்கார் வண்டிக்குள் கிடந்த அவரிடம் உயிரோடிருக்கையில் ஒருவரும் போய்ச் சேரவில்லை.

ஐந்தாமவர் இன்றுவரை கிடைக்கவில்லை. வயது 25. ராணுவத்தில் இருக்கையில் மனச்சிதைவு நோய் கண்டது, வெளியே அனுப்பப்பட்டார். நோய் முற்றிய நாட்களில் வம்புகளில் சிக்கியதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து சாப்பிட்டு, குடும்பத் தொழிலில் பாடுபட்டு, இரண்டு வருஷங்களாக நல்லபடியாக இருந்தவர் அவர். அன்றிரவே திரும்பிவிடுவோம் என்று மருந்தைக் கையில் கொண்டு போகவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரை என்ன செய்தார்கள்? அவருடைய படத்தை மாநிலத்து மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். அது சரி, தேட வேண்டியதுதான். ஆனால் அன்று முதல் இன்று வரை, ‘அவன்தான் மற்ற நால்வரையும் மலைக்கு இழுத்துப் போயிருப்பான்’ என்று எத்தனை நாவுகள் பேசிவிட்டன! சாட்சி? நோயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. காணாமற் போனவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

தடயங்களைப் பார்ப்போம். படுக்கையில் இறந்தவரின் கால்கள் குளிரில் அழுகிப் போயிருந்தன. அவர் மேல் போர்வைத் துணிகளைத் தலை முதல் கால் வரை யாரோ இழுத்துச் சுற்றியிருக்கிறார்கள். உணவு டின்கள் சிலவற்றை, ராணுவத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்த திறப்பானால் திறந்திருக்கிறார்கள். ஐந்தாமவரின் கான்வாஸ் பாதரட்சைகள் அந்த வண்டிக்குள்ளேயே இருந்தன. இறந்தவருடைய தோல் பாதரட்சைகளைக் காணோம்.

இதுதான் நடந்தது என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் கொலைகாரனின் தடயமா இது? சாகும் தோழனுக்கு டின்னைத் திறந்து கொடுத்து, போர்த்திவிட்டு, அவனுடைய பாதரட்சைகளை மாட்டிக்கொண்டு உதவி தேடி ஒருவன் பனியில் இறங்கி நடந்தான் என்று ஏன் நினைக்கக் கூடாது?